கடக்கால் கணக்கு

வீடு கட்டத் தொடங்கியவரிடம் எந்த சிமெண்ட், எந்தக் கம்பி என்று கேட்டால் பதில் உடனே வந்துவிடும். பல வீடுகளில் டைல்ஸ் நிறம்கூட முடிவாகியிருக்கும். மனையின் மண் ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை டன் தாங்கும் என்று கேட்டால் மட்டும் முழிப்பார்கள். கடக்காலின் அகலம், ஆழம், கம்பி, கான்கிரீட் எல்லாம் அந்த ஒரு எண்ணிலிருந்துதான் பிறக்கின்றன.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சென்னைப் பக்கம் அரை கிரவுண்டு மனை, கீழும் மேலுமாக இரண்டு தளம் என்று வைத்துக்கொள்வோம். வீட்டின் நடுவில் நிற்கும் ஒரு பில்லர், நாலு பக்கமும் 4 மீட்டர் இடைவெளியில் அடுத்த பில்லர்கள். நம் பில்லரின் பங்குக்கு ஒவ்வொரு தளத்திலும் 16 சதுர மீட்டர் வரும். ஐந்து அங்குலத் தளம் சதுர மீட்டருக்கு 300 கிலோவுக்கு மேல். அதன் மேல் டைல்ஸும் கலவையுமாக 100 கிலோ. ஆட்கள், கட்டில், பீரோ என்று 200 கிலோ. இதோடு பீம், ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், பில்லரின் சொந்த எடை. கூட்டிப் பார்த்தால் ஒரு தளத்துக்கு 20 டன், இரண்டுக்கும் சேர்த்து ஏறக்குறைய 40 டன் அந்த ஒற்றைப் பில்லர் வழியாகக் கீழே இறங்குகிறது.

பில்லரின் குறுக்களவு ஒன்பதுக்குப் பன்னிரண்டு அங்குலம்தான். அந்தச் சின்னப் பரப்பில் 40 டன் உட்காரும்போது அழுத்தம் சதுர மீட்டருக்கு 580 டன் என்று ஆகிறது. கான்கிரீட் அதைத் தாங்கிவிடும். ஓரளவு நல்ல மண் பாதுகாப்பாகத் தாங்குவதோ சதுர மீட்டருக்கு 15 டன். பில்லரை அப்படியே மண்ணில் நட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. சேற்று வயலில் இறங்கினால் முழங்கால்வரை புதையும் அதே ஆள், பரம்புப் பலகை மேல் ஏறி நின்றால் சேறு அவரைச் சுமக்கிறது. பில்லரின் காலடியில் பூட்டிங் என்ற கான்கிரீட் பலகையைப் போடுவதும் அதற்காகத்தான். பாரத்தைக் கிட்டத்தட்ட நாற்பது மடங்கு அகலத்துக்குப் பரப்பி மண்ணிடம் ஒப்படைப்பது.

எவ்வளவு அகலம் என்பதற்கு வகுத்தல் தெரிந்தால் போதும். பூட்டிங்கின் சொந்த எடைக்குப் பத்து சதவீதம் சேர்த்து 44 டன். மண் 15 டன் தாங்கினால் 2.9 சதுர மீட்டர் வேண்டும்; பக்கத்துக்கு 1.7 மீட்டர், அதாவது ஐந்தரை அடிக்குச் சற்று மேல். மண் 10 டன்தான் தாங்கும் என்றால் ஏழடிச் சதுரம். 20 டன் தாங்கும் மண்ணில் ஐந்தடியே போதும். “இந்தத் தெருவுல எல்லா வீட்டுக்கும் நாலுக்கு நாலுதான் சார் போட்டிருக்கோம், ஒண்ணும் ஆகல” என்று மேஸ்திரி சொல்வார். நாலுக்கு நாலு போட்டால் நம் பில்லருக்குக் கீழே மண்ணின் மேல் சதுர மீட்டருக்கு 30 டன் விழுகிறது. இறுகிய சரளையோ பாறையோ இருக்கும் தெருவில் அவர் சொன்னது சரி. களிமண் தெருவில் அதே அளவு விபரீதம். அனுபவம் என்பது அந்தத் தெருவின் அனுபவம்; ஏரிக்கரை தாண்டினால் அது செல்லாது.

பூட்டிங் சிறுத்துவிட்டால் வீடு ஒரே நாளில் சரிந்துவிடும் என்றில்லை. மண்ணின் தாங்குதிறனைச் சொல்லும்போதே பொறியாளர்கள் இரண்டரை, மூன்று மடங்கு கையிருப்பு வைத்துத்தான் சொல்கிறார்கள். உண்மையான தொல்லை, சமமில்லாமல் இறங்குவதில் இருக்கிறது. வீடு முழுக்க ஒரே சீராக ஓர் அங்குலம் இறங்கினால் யாருக்கும் தெரியப்போவதில்லை. நாலு மீட்டர் தள்ளி நிற்கும் இரண்டு பில்லர்களில் ஒன்று மற்றதைவிடப் பதின்மூன்று மில்லிமீட்டர் அதிகமாக இறங்கினாலே இடையில் உள்ள சுவரில் விரிசல் விட வாய்ப்பு உண்டு. ஜன்னல் மூலையிலிருந்து படிக்கட்டு மாதிரி செங்கல் இணைப்புகளைப் பிடித்துக்கொண்டு சாய்வாக ஏறும் விரிசல் அது. பூச்சு சரியில்லை என்று பெயிண்டரைக் கூப்பிட்டுப் பட்டி பார்ப்பார்கள். அடுத்த மழைக்குப் பிறகு அதே இடத்தில் மறுபடி எட்டிப்பார்க்கும்.

மண்ணை எப்படிக் கேட்பது? அதற்கு முரட்டுத்தனமான, நம்பகமான ஒரு சோதனை இருக்கிறது. மனையில் துளை போட்டு, அடியில் ஒரு பிளவுக் குழாயை இறக்குவார்கள். 63.5 கிலோ எடையுள்ள சம்மட்டியை 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழவிட்டு அந்தக் குழாயை அடிப்பார்கள். முதல் 15 சென்டிமீட்டர் கணக்கில் சேராது. அடுத்த 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை அடி ஆயிற்று என்று எண்ணுவதே சோதனை. ஐந்து அடியில் இறங்கிவிட்டால் இளகிய மண். முப்பதைத் தாண்டினால் இறுக்கம். ஆழம் போகப்போகத் திரும்பத் திரும்ப இதைச் செய்து, குழாயில் வரும் மண்ணை ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். இதற்கு ஆகும் செலவு பெரும்பாலும் ஒரு தேக்கு நிலைவாசல் கதவின் விலையைத் தாண்டாது. கதவுக்கு யோசிக்காமல் கொடுப்பவர்கள் இதை வீண் செலவு என்று ஒதுக்குவது எனக்குப் புரிவதே இல்லை.

சென்னைக்குள்ளேயே கதை மாறுகிறது. பல்லாவரம், திரிசூலம் பக்கம் சார்னோக்கைட் பாறை மேலேயே தலைகாட்டும். திருவான்மியூர், பெசன்ட் நகர் கடலோரம் மணல். பள்ளிக்கரணை சதுப்பைச் சுற்றிக் களிமண். ஏரியையோ குப்பை மேட்டையோ நிரவி மனை போட்ட இடங்கள் இந்தக் கணக்கு எதிலும் சேராது. கொட்டிய மண்ணின் ஆழம் முழுவதையும் தாண்டி அசல் மண்ணைத் தொடும்வரை தோண்ட வேண்டும், முடியாவிட்டால் பைல் என்ற ஆழத் தூண் போட வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விடத் தந்திரமானது கரிசல். கோவில்பட்டி, விருதுநகர், கோவையின் சில பகுதிகள் எல்லாம் இந்த மண். கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும், ஐப்பசி மழைக்கு உப்பி மூடிக்கொள்ளும். மற்ற மண் பாரத்துக்கு இறங்கும். கரிசல் வீட்டைத் தூக்கவும் செய்யும். அதில் இருக்கும் மான்ட்மோரில்லோனைட் என்ற களிமக் கனிமம் மெல்லிய தகடுகளாக அடுக்கியிருக்கிறது. தண்ணீர் அந்தத் தகடுகளுக்கு இடையில் புகுந்து அவற்றை விலக்கிவிடுகிறது. காய்ந்தால் தகடுகள் மீண்டும் நெருங்குகின்றன. ஒற்றை மாடி வீடு போன்ற லேசான கட்டடத்துக்குத்தான் இது அதிக ஆபத்து. மேல் பாரம் குறைவாக இருப்பதால் மண்ணின் உப்பலை அமுக்கிவைக்க முடிவதில்லை. நடுவீட்டில் மண் ஈரமாகவும் ஓரத்தில் காய்ந்தும் கிடப்பதால் தூக்கலும் இறக்கமும் ஆளுக்கொரு பக்கம் இழுக்கின்றன.

கரிசலின் குணத்தை அளக்க ஆய்வகத்தில் செய்யும் சோதனை கெரசினை வைத்து நடக்கிறது. சலித்து உலர்த்திய மண் பத்துப் பத்துக் கிராமாக இரண்டு 100 மில்லி கண்ணாடிக் குழாய்களில் போடப்படும். ஒன்றில் காய்ச்சி வடித்த தண்ணீர், மற்றதில் கெரசின். குச்சியால் கிளறிக் காற்றுக் குமிழியை விரட்டிவிட்டு ஒரு நாள் விட்டுவைப்பார்கள். கெரசின் தகடுகளுக்குள் நுழைந்து அவற்றைப் பிரிப்பதில்லை. மண் உப்பாமல் அடியில் படிந்துவிடும். தண்ணீர்க் குழாயில் மண் பொங்கி நிற்கும். கெரசினில் 10 மில்லி, தண்ணீரில் 16 மில்லி என்று கோடு காட்டினால் வீக்கம் 60 சதவீதம். பாதியைத் தாண்டிய எண் வந்தாலே சாதாரணப் பூட்டிங்கை மறந்துவிட வேண்டும்.

இந்த மண்ணுக்கு நம் நாட்டிலேயே உருவான தீர்வு ஒன்று உண்டு. ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வளர்த்தெடுத்த குமிழடிப் பைல் அது. கையால் சுற்றும் ஆகரைக் கொண்டு மூன்றரை மீட்டர் அளவுக்குத் துளை போடுவார்கள். அந்த ஆழத்துக்குக் கீழே பருவத்துக்குப் பருவம் ஈரம் அதிகம் மாறுவதில்லை. பிறகு விரியும் கத்தி கொண்ட கருவியை இறக்கிச் சுற்றினால், துளையின் அடியில் மட்டும் அதன் விட்டத்தைப் போல் இரண்டரை மடங்கு அகலத்துக்குக் குடைவு விழும். கம்பிக்கூட்டை இறக்கிக் கான்கிரீட் ஊற்றினால் அடியில் குமிழ் வைத்த தூண் தயார். கீழே அழுத்தினால் குமிழின் அகலம் தாங்குகிறது. மேலிருந்து மண் உப்பிப் பைலை இழுத்தால் அதே குமிழ் நங்கூரம் ஆகிவிடுகிறது. பைல்களின் தலையை இணைக்கும் பீமுக்கும் மண்ணுக்கும் இடையில் சில அங்குலம் வெற்றிடம் விடுவார்கள். மழைக்கு மண் அந்த இடைவெளியில் உப்பிக்கொள்ளட்டும், வீட்டைத் தொடாமல். பீமுக்குக் கீழே மண்ணை நிரவி அதையே தளமாக வைத்துக் கான்கிரீட் போட்டுவிடும் மேஸ்திரிகள் உண்டு. பைலுக்குக் கொட்டிய காசு அதோடு போச்சு. கரிசல் ஆழம் குறைந்த இடத்தில் இத்தனை பாடில்லை. சுக்கான் பாறை தட்டும்வரை தோண்டிப் பூட்டிங்கை அதன் மேல் உட்கார வைத்துவிடலாம்.

சரி, சாதாரண மண்ணுக்கே திரும்புவோம். ஈசானிய மூலையில் பூசை முடிந்ததும் நூல் கட்டும் வேலை. மூலைமட்டம் பிடிக்க இன்றைக்கும் மூணு, நாலு, அஞ்சு கணக்குதான்: ஒரு பக்கம் மூன்றடி, மறுபக்கம் நாலடி அளந்து குறி வைத்தால் குறுக்கே ஐந்தடி வர வேண்டும். ஒரு நூல் பிசகினாலும் கடைசியில் டைல்ஸ் ஒட்டும்போது அறை கோணலாக நிற்கும். ஜேசிபி வந்தால் குழி அரை நாளில் தயாராகிவிடும். அதன் வாளிப் பற்கள் அடிமண்ணைக் கிளறிவிடும் என்பதால் கடைசி ஆறங்குலத்தை மண்வெட்டியால் எடுப்பது நல்லது. ஒரு குழி தவறுதலாக ஆழமாகப் போய்விட்டால் தோண்டிய மண்ணையே திரும்பப் போட்டு மட்டப்படுத்தக் கூடாது. அந்தத் தளர்ந்த மண் பிற்பாடு அமுங்கும். கான்கிரீட்டால்தான் நிரப்ப வேண்டும். இரவு மழை பெய்து குழியில் தண்ணீர் நின்றால் மோட்டார் வைத்து இறைத்துவிட்டு, அடியில் உள்ள சேற்றையும் வழித்தெடுக்க வேண்டும்.

குழியின் அடியில் ஒன்றுக்கு நாலுக்கு எட்டு விகிதத்தில், ஒன்றரை அங்குல ஜல்லி போட்டு, மூன்று நாலு அங்குலம் பிசிசி என்ற கம்பியில்லாக் கான்கிரீட் போடுவார்கள். இது பாரம் தாங்க அல்ல. கம்பி மண்ணில் படாமல் இருக்கவும், மேலே ஊற்றும் கான்கிரீட்டின் பால் மண்ணுக்குள் இறங்காமல் இருக்கவும், காலில் சேறு ஒட்டாமல் நின்று வேலை பார்க்கவும் ஒரு சுத்தமான தரை.

அதன் மேல் கம்பி மேட். வீட்டுக்காரர்கள் பலருக்கு இங்கே ஒரு சந்தேகம் வரும்: பாரம் மேலிருந்து வருகிறது, கம்பியை ஏன் அடியில் போடுகிறார்கள்? பில்லர் நடுவில் அமுக்குகிறது. மண் அடிப்பரப்பு முழுவதிலும் மேல்நோக்கித் தள்ளுகிறது. பில்லருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஓரங்கள் மேலே வளையப் பார்க்கின்றன. அப்படி வளையும்போது பூட்டிங்கின் அடிமுகம் இழுபடுகிறது. கான்கிரீட் அமுக்கத்துக்குச் சூரன். இழுவைக்கு அதில் பத்தில் ஒரு பங்கு பலம்தான். ஆக இழுவை எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் கம்பி. பூட்டிங்கின் கனத்துக்குக் காரணம் வேறு. மெல்லிய பூட்டிங்காக இருந்தால் பில்லர் அதைக் குத்தி ஓட்டை போட்டுக்கொண்டு இறங்கிவிடும். அதனால்தான் ஓரத்தில் குறைந்து நடுவில் பருத்துச் சரிவாக வார்க்கிறார்கள்.

கம்பி மேட்டுக்கும் பிசிசிக்கும் இடையில் 50 மில்லிமீட்டர் இடைவெளி கட்டாயம் என்கிறது இந்தியத் தர நெறிமுறை ஐஎஸ் 456. இதற்குத்தான் கவர் பிளாக். தளத்துக்கு முக்கால் அங்குலம் விடும் இடத்தில் பூட்டிங்குக்கு இரண்டு அங்குலம். மண்ணின் ஈரம் விடாமல் துரத்தும் என்பதே காரணம். கான்கிரீட்டுக்குள் காரத்தன்மை மிக அதிகம். அந்தக் காரத்தில் கம்பி மேல் மெல்லிய பாதுகாப்புப் படலம் படிந்து துருவைத் தடுக்கிறது. உப்போ காற்றோ உள்ளே போய் அந்தப் படலத்தைக் குலைத்தால் துரு தொடங்கும். துரு, தான் தின்ற இரும்பைப் போலப் பல மடங்கு இடம் கேட்கும். கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கும். கவர் பிளாக் தீர்ந்துபோனால் செங்கல் துண்டைச் சொருகுவது சைட்டுகளில் சகஜம். செங்கல் தண்ணீரை உறிஞ்சும் பொருள். கம்பிக்கு ஈரம் போக நாமே வழி வைத்த மாதிரி.

நகரத்து மனைகளில் இன்னொரு சிக்கல், எல்லைப் பில்லர். அடுத்தவர் மனைக்குள் நம் பூட்டிங் நீள முடியாது. பில்லர் பூட்டிங்கின் நடுவில் நிற்காமல் ஓரத்தில் நிற்கும்; பூட்டிங் ஒரு பக்கமாகச் சாயப் பார்க்கும். உள்பக்கப் பில்லரின் பூட்டிங்கோடு கனமான பீம் போட்டு இணைத்தோ, இரண்டுக்கும் சேர்த்து ஒரே நீளப் பூட்டிங் வார்த்தோ இதைச் சமாளிக்க வேண்டும். வரைபடத்தில் எல்லைப் பூட்டிங்கும் நடுப் பூட்டிங்கும் ஒரே மாதிரி இருந்தால், வரைந்தவரை உட்காரவைத்துக் கேட்கலாம்.

கான்கிரீட் போடும் நாள். மண்ணில் புதையும் இரும்புக்கம்பிக் கான்கிரீட்டுக்கு எம் 25 தரம் வேண்டும் என்று ஐஎஸ் 456 சொல்லியும், வீட்டு வேலைகளில் ஒன்றுக்கு ஒன்றரைக்கு மூன்று என்ற எம் 20 கலவைதான் இன்றும் பரவலாக ஓடுகிறது. எம் 25 என்றால், 15 சென்டிமீட்டர் கனசதுரமாக வார்த்து 28 நாள் கழித்து நசுக்கிப் பார்த்தால் ஏறக்குறைய 57 டன் தாங்க வேண்டும்.

அந்தப் பலத்தைத் தின்பது பெரும்பாலும் தண்ணீர். கான்கிரீட் காய்ந்து இறுகுவதாகப் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் சிமெண்டில் உள்ள கால்சியம் சிலிகேட்டுகள் தண்ணீரோடு வேதிவினை புரிந்து, ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும் நுண்ணிய கூழாக மாறுகின்றன. தண்ணீருக்கு அடியிலேயே கூட அது இறுகும். 50 கிலோ மூட்டை முழுதாக வினை புரியத் தேவையான தண்ணீர் 19 லிட்டர் அளவுதான். கலவை ஓடிப் பாய்வதற்காக 25 லிட்டர்வரை விடலாம். மணலில் இருக்கும் ஈரமும் இதில் அடக்கம். அதற்கு மேல் ஊற்றுவது எதனோடும் சேராமல் தேங்கி, பிறகு வெளியேறி, தான் இருந்த இடத்தில் நுண்துளைகளை விட்டுப்போகும். பாறையை உடைத்துச் செய்யும் எம் சாண்ட் முனை கூர்மையானது, ஆற்று மணல் மாதிரி உருளாது. அதனால் கலவை இறுக்கமாகத் தெரியும், மிஷினில் இன்னொரு குடம் ஊற்றக் கை நீளும். தரமாகக் கழுவிச் சலித்த எம் சாண்டில் குறை ஒன்றுமில்லை. இளக்கம் வேண்டுமென்றால் அதற்கான பிளாஸ்டிசைசர் திரவத்தைச் சில நூறு மில்லி சேர்க்கலாம். குடத்தைத் தொட வேண்டாம்.

தண்ணீரின் தரமும் முக்கியம். கடலோர மாவட்டங்களில் போர் தண்ணீர் கரிக்கும். லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு இருந்தால் கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு ஆகாது. முன் சொன்ன பாதுகாப்புப் படலத்தை அரிப்பது இந்தக் குளோரைடுதான். குடிக்க லாயக்கில்லாத தண்ணீரைக் கலவைக்கு ஆகும் என்று விடுபவர்கள், கம்பிக்குத் துருவை அட்வான்ஸாகக் கொடுக்கிறார்கள்.

ஊற்றும்போது நீடில் வைப்ரேட்டரை நேராக இறக்கி, குமிழி வருவது நின்றதும் மெதுவாக எடுக்க வேண்டும். கம்பியைப் பிடித்து ஆட்டுவதற்கு அதைப் பயன்படுத்தக் கூடாது. ஒரு பூட்டிங்கைத் தொடங்கினால் முடித்துவிட்டுத்தான் சாப்பாட்டுக்குப் போக வேண்டும். பாதி ஊற்றியது இறுகத் தொடங்கியபின் மிச்சத்தை ஊற்றினால் இரண்டும் சேராமல் நடுவே ஒரு கோடு நின்றுவிடும். பிறகு ஈரச் சாக்கு. சாம்பல் கலந்த பிபிசி சிமெண்ட் என்றால் குறைந்தது பத்து நாள் நனைய வேண்டும். வீட்டிலேயே நனைப்பதற்கு மிகச் சுலபமான பாகம் பூட்டிங்தான், குழிக்குள் நிழலில் கிடக்கிறது. வேலையை ஓட்டும் அவசரத்தில் மறுநாளே மண்ணைத் தள்ளி மூடிவிடுவதும் இங்கேதான் அதிகம்.

மூடும் மண்ணை ஆறங்குலம் ஆறங்குலமாகப் போட்டுத் தண்ணீர் விட்டுத் திமிசு போட வேண்டும். மொத்தமாகத் தள்ளி மேலே மட்டும் தட்டினால், இரண்டு வருஷம் கழித்து வாசல் படியும் போர்டிகோ தரையும் உள்வாங்கும். கரையான் மருந்தையும் இந்தக் கட்டத்திலேயே அடித்துவிட வேண்டும். பேஸ்மட்டத்தை எவ்வளவு உயர்த்துவது என்பதை ரோட்டைப் பார்த்து முடிவு செய்யுங்கள். பழைய ரோட்டைச் சுரண்டாமலே மேலே மேலே போட்டுப் போட்டு, சென்னையில் பல வீடுகள் பள்ளத்தில் போய்விட்டன. சுவருக்கு அடியில் வரிசையாக ஜாக்கி வைத்து முழு வீட்டையும் தூக்குவது அங்கே தனித் தொழிலாகவே நடக்கிறது.

மண் தள்ளுவதற்கு முன்னால் ஒவ்வொரு பூட்டிங்கின் மேலும் டேப்பை நீட்டிவைத்துப் படம் எடுத்துவைப்பது நல்லது. கம்பி கட்டியபோது ஒன்று, கான்கிரீட் முடிந்தபின் ஒன்று. குழியின் ஆழமும் தெரியட்டும். பத்துப் பதினைந்து வருஷம் கழித்துப் பிள்ளைகள் இன்னொரு மாடி எடுக்க நினைத்தால், வரும் பொறியாளர் முதலில் கேட்பது இவற்றைத்தான். காகிதமும் படமும் இல்லாத வீட்டில் ஒரு பில்லர் ஓரமாக மறுபடி தோண்டித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.